கட்டும் பணமும் காக்கும் பணமும்

ஏர்வாடிப் பக்கத்துக் கடலோரக் கிராமம் ஒன்றிலிருந்து கல்லூரி மாணவர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "பாம்பனில் 550 கோடி ரூபாயில் பாலம் கட்டினார்கள். நான்கு வழிச்சாலை வரப்போகிறது, விமான நிலையமும் வரும் என்கிறார்கள். எங்கள் தெருவில் குழாய் இருக்கிறது, தண்ணீர் வருவதில்லை. அரசிடம் பணம் இல்லையா, அல்லது தப்பான இடத்துக்குப் போகிறதா? இலவசங்களை நிறுத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?"

தம்பி, இந்த மாவட்டத்தின் கரையோர ஊராட்சிகளின் வரவு செலவுக் கணக்கோடு நெடுங்காலம் பழகியவன் நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். நம் கரைக்குப் பணமே வருவதில்லை என்பது சரியல்ல. கட்டுவதற்குப் பணம் வருகிறது. கட்டியதைக் காப்பதற்குத்தான் வருவதில்லை. தமிழகத்தின் 1,076 கி.மீ. கடற்கரையில் ஏறத்தாழ 237 கி.மீ. ராமநாதபுரம் மாவட்டத்துக்குள் இருக்கிறது. அந்த நீளம் முழுவதும் உப்புக்காற்று. இரும்பு, கான்கிரீட், மோட்டார், மின்கம்பம் எதுவும் உள்நாட்டில் உழைக்கும் காலத்துக்கு இங்கே உழைக்காது. ஆகவே பராமரிப்புப் பணத்தை மறந்த திட்டம் மற்ற ஊரில் இருபது ஆண்டில் சாகும் என்றால் இங்கே ஏழெட்டு ஆண்டில் சாகும். உன் தெருக் குழாயின் கதையும் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

நீ பாலத்தில் ஆரம்பித்ததால் நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன். பாம்பன் பாலத்துக்குச் செலவழித்ததை நான் குறை சொல்ல மாட்டேன். பழைய ரயில் பாலம் 1914 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது, ஒரு பயணிகள் ரயிலே கடலுக்குள் போனது, பாலத்தின் இரும்பு உத்தரங்களில் பெரும்பகுதி விழுந்துவிட்டன. கப்பலுக்கு வழிவிடத் திறக்கும் நடுப்பகுதி மட்டும் தாக்குப்பிடித்தது. ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையிலான பொறியாளர்களும் தொழிலாளர்களும் கடலில் கிடந்த உத்தரங்களைத் தேடி எடுத்து 46 நாட்களில் பாலத்தை மீண்டும் நிறுத்தினார்கள். 2007இல் அதே பாலம் அகலப் பாதைக்கு மாற்றப்பட்டது. 2022 டிசம்பரில் ரயில் நிறுத்தப்படும் வரை அது ஓடியது. உலகிலேயே இரும்பு மிக வேகமாக அரிக்கும் இடங்களில் ஒன்றில், நூறாண்டுக்கும் மேல்!

அந்த நூறாண்டு எப்படிக் கிடைத்தது? அந்தக் காலத்து இரும்பு நல்ல இரும்பு என்று நம் ஊரில் சொல்வார்கள். அது பாதி உண்மை. மற்றப் பாதி, துருவைச் சுரண்டி வண்ணம் பூசுவதற்கென்றே ஆண்டு முழுவதும் ஆட்கள் பாலத்தில் தொங்கிக்கொண்டிருந்தார்கள் என்பது. ஒரு முனையில் பூசி முடிப்பதற்குள் மறுமுனையில் துரு தொடங்கிவிடும். அந்த வேலை நிற்கவே இல்லை, அதற்கான பணமும் நிற்கவில்லை. ரயில்வேயில் பாலப் பராமரிப்புக்கெனத் தனிப் பிரிவு உண்டு, தனி ஒதுக்கீடு உண்டு, பொறுப்பான அதிகாரி உண்டு.

புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. 72.5 மீட்டர் நீளமுள்ள நடுத்தளம் அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் உயர்ந்து கப்பலுக்கு வழிவிடும். துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் நீண்டநாள் தாங்கும் வண்ணப்பூச்சும் பயன்படுத்தியிருக்கிறார்கள். அப்படியிருந்தும் திறப்பதற்கு முன்பே, 2024 நவம்பரில், ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை அரிப்புத் தடுப்பைப் பற்றிக் கேள்வி எழுப்பியது. இந்தப் பாலமும் நூறாண்டு நிற்குமா என்பது அந்த 550 கோடியில் இல்லை. இனி ஆண்டுதோறும் அதற்கு ஒதுக்கப்போகும் பராமரிப்புத் தொகையில் இருக்கிறது.

இப்போது பாலத்தை விட்டுத் தெற்கே வா. சாயல்குடியைத் தாண்டினால் நரிப்பையூர். கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் ஒன்று 1990களின் இறுதியில் அங்கே அமைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 38 லட்சம் லிட்டர் திறன். சென்னையில் மீஞ்சூர் நிலையமோ நெம்மேலி நிலையமோ வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, இந்தியாவில் இந்த நுட்பத்தை இந்த அளவில் முயன்றுபார்த்த இடம் நம் கடலாடி வட்டம். அதை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமைதான். ஆனால் அந்த நிலையம் நிலைக்கவில்லை. சில ஆண்டுகளில் உற்பத்தி குறைந்து, பிறகு நின்றே போனது.

இந்த நுட்பம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் ஏன் நின்றது என்று புரியும். கடல்நீரை மிகுந்த அழுத்தத்தில் ஒரு மெல்லிய சவ்வின் வழியே தள்ளுகிறார்கள். உப்பு தங்கிவிடும், நீர் மட்டும் கடக்கும். அந்த அழுத்தத்துக்கு மின்சாரம் வேண்டும். இன்றைய நல்ல கருவிகளிலேயே ஆயிரம் லிட்டருக்கு மூன்று நான்கு யூனிட் ஆகும். 38 லட்சம் லிட்டர் என்றால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் யூனிட்டுக்கு மேல். சவ்வைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கடலிலிருந்து வரும் பாசியும் மணலும் சவ்வை அடைக்காமலிருக்க முன்வடிகட்டல் ஒழுங்காக நடக்க வேண்டும். தெரிந்த ஆட்கள் இரவு பகலாக இருக்க வேண்டும். இந்தச் செலவுகளில் ஒன்றுகூட ஒரு முறையோடு முடிவதில்லை. நிலையம் இருக்கும்வரை மாதாமாதம் வரும். கட்டுமானப் பணம் ஒருமுறை வந்தது, நிலையம் எழுந்தது. மாதச் செலவுக்கு அப்படி உறுதியான ஊற்று எதுவும் இருக்கவில்லை. பிறகு காவிரி நீர் வரப்போகிறது என்றானதும் இதன்மேல் இருந்த அக்கறையும் போய்விட்டது.

காவிரி நீரும் வந்தது. 616 கோடி ரூபாய்க் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இல்லாதிருந்தால் ராமநாதபுரம் மாவட்டத்தின் பாதிக் கிராமங்களில் ஆள் இருக்க முடியாது. அதைப் போட்டவர்களை இந்த மாவட்டம் மறக்கக்கூடாது. ஆனால் திருச்சி அருகே எடுத்த நீர் புதுக்கோட்டை, சிவகங்கை வழியாகக் குழாயில் வந்து, கடைசியில் கடலோரக் கிராமத்தை அடைய வேண்டும். நாம் குழாயின் வால்முனை. வழியில் எங்கே கசிந்தாலும், எங்கே ஒரு நீரேற்று நிலையத்தில் மின்தடை வந்தாலும், எங்கே ஒருவர் திருட்டு இணைப்பு எடுத்தாலும் முதலில் வறண்டுபோவது வால்முனைதான். அதனால்தான் இத்தனை திட்டத்துக்குப் பிறகும் தள்ளுவண்டியில் வரிசையாகக் குடங்களை அடுக்கிக்கொண்டு பெண்கள் சாலையோரம் போவது நம் மாவட்டத்தின் அடையாளமாக நீடிக்கிறது.

மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டம் 2019இல் அறிவிக்கப்பட்டபோது ஆளொன்றுக்கு நாளுக்கு 55 லிட்டர் என்று அளவு வைத்தார்கள். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 275 லிட்டர், அதாவது பதினெட்டுக் குடம். வீட்டு வாசலில் குழாய் பொருத்தியதும் கணக்கில் "இணைப்பு தரப்பட்டது" என்று ஏறிவிடும். பதினெட்டுக் குடம் நிறைந்ததா என்பது வேறு கணக்கு. கணக்குப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்: எதை எண்ணுகிறோமோ அதுதான் கட்டப்படும். குழாயை எண்ணினால் குழாய் வரும். தண்ணீரை எண்ணினால்தான் தண்ணீர் வரும்.

ஏன் இப்படி என்று கேட்டால், பலர் அரசியல்வாதிகளுக்குத் திறப்பு விழா வேண்டும் என்பார்கள். அதுவும் ஒரு காரணம்தான். அதைவிட ஆழமான காரணம் அரசுக் கணக்கின் அமைப்பிலேயே இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளாமல் எவ்வளவு கோபப்பட்டாலும் பயனில்லை. கொஞ்சம் பொறுமையாகக் கேள்.

அரசின் செலவு இரண்டு தலைப்பில் எழுதப்படுகிறது. புதிய கட்டடம், பாலம், சாலை, குழாய்ப் பாதை போன்ற சொத்தை உண்டாக்குவது மூலதனச் செலவு. சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம் இவை வருவாய்ச் செலவு. ஏற்கெனவே இருக்கும் சொத்தைப் பழுதுபார்க்கும் செலவும் இந்த இரண்டாவது தலைப்பில்தான் வருகிறது. சாலையைப் புதிதாகப் போட்டால் முதலீடு. அதே சாலையின் பள்ளத்தை அடைத்தால் நடப்புச் செலவு. பொருளாதார அறிஞர்கள் மூலதனச் செலவைப் பாராட்டுகிறார்கள், வருவாய்ச் செலவைக் குறைக்கச் சொல்கிறார்கள். பொதுவாக அந்த அறிவுரை சரியே. ஆனால் பராமரிப்பு எந்தப் பெட்டியில் கிடக்கிறது என்பதை மறந்துவிட்டால் அந்த அறிவுரையே நஞ்சாகும்.

தமிழக அரசின் 2025-26 நிதிநிலை அறிக்கையை எடுத்துக்கொள். மூலதனச் செலவுக்கு 57,231 கோடி ரூபாய். முந்தைய ஆண்டைவிட நன்றாகவே கூடியிருக்கிறது. வருவாய்ப் பற்றாக்குறை சுமார் 41,635 கோடி. வட்டிக்கு மட்டும் 70,000 கோடிக்கு மேல் போகிறது. வருவாய்க் கணக்கில் பற்றாக்குறையைக் குறைக்க வேண்டிய கட்டாயத்தில் ஒரு நிதித்துறை அதிகாரி எதை வெட்டுவார்? வட்டியை வெட்ட முடியாது. சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் தொட முடியாது. வெட்டினாலும் இந்த ஆண்டு எவரும் சத்தம் போடாத தலைப்பு ஒன்றே ஒன்று: பராமரிப்பு. இந்த ஆண்டு வண்ணம் பூசாவிட்டால் பாலம் இந்த ஆண்டே விழாது. மோட்டாரைக் கழற்றி எண்ணெய் விடாவிட்டால் அது இன்னும் ஓராண்டு ஓடும். அப்படியே தள்ளிப்போட்டு, ஒருநாள் மொத்தமாக நின்றதும் "புதிய திட்டம்" என்று மூலதனத் தலைப்பில் பணம் கேட்கலாம். அதற்குக் கடனும் கிடைக்கும். மாநிலங்களுக்கு மத்திய அரசு தரும் ஐம்பதாண்டு வட்டியில்லாக் கடன் 2025-26இல் 1.5 லட்சம் கோடி. அது மூலதனப் பணிகளுக்கு மட்டுமே. பழையதைப் பழுதுபார்க்கிறேன் என்றால் அதிலிருந்து ஒரு ரூபாய் வராது.

நான் பார்த்த ஒரு கரையோர ஊராட்சியில் மேல்நிலைத் தொட்டியின் மோட்டாரில் காயில், அதாவது உள்ளே இருக்கும் கம்பிச் சுற்று, எரிந்துவிட்டது. காயில் கட்டச் சில ஆயிரம் ரூபாய் வேண்டும். பொது நிதியில் மின்கட்டணப் பாக்கி போக எதுவும் மிஞ்சவில்லை. தொட்டி இயக்குபவருக்கே சம்பளம் நிலுவை. வாரக்கணக்கில் ஊர் மக்கள் லாரித் தண்ணீர் வாங்கினார்கள். அதே நேரத்தில் அதே ஊராட்சிக்குப் பல லட்சம் ரூபாயில் இன்னொரு மேல்நிலைத் தொட்டி அனுமதியாகி வந்தது. அதிகாரிகள் எவரும் தீய எண்ணத்தில் அப்படிச் செய்யவில்லை. அந்தப் பணத்தை இந்தத் தலைப்புக்கு மாற்ற அவர்களுக்கு அதிகாரம் இல்லை, அவ்வளவுதான். அந்த நாட்களில் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. இந்தப் பதிலை இவ்வளவு நீட்டி எழுதுவதற்கும் அதுவே காரணம்.

இனி உன் இலவசங்கள் பற்றிய கேள்வி. மகளிர் உரிமைத்தொகைக்கு 2025-26இல் 13,807 கோடி ஒதுக்கினார்கள். பெரிய தொகைதான், மறுக்கவில்லை. ஆனால் அதை நிறுத்தினால் உன் தெருவில் தண்ணீர் வந்துவிடும் என்று நினைக்காதே. மிச்சமாகும் பணம் பற்றாக்குறையை அடைக்கப் போகும், அல்லது இன்னொரு புதிய கட்டுமானத்துக்குப் போகும். காயில் கட்டும் தலைப்புக்கு வராது. இன்னொரு பக்கமும் பார். மாதம் ஆயிரம் ரூபாய் வாங்கும் பெண் அதில் ஒரு பகுதியைக் குடம் இவ்வளவு என்று கொடுத்து லாரித் தண்ணீர் வாங்குகிறாள் என்றால், அரசு கொடுத்த பணம் அரசு செய்யத் தவறிய வேலைக்கே போகிறது. குழாயில் தண்ணீர் வந்தால் அதே ஆயிரம் பிள்ளையின் படிப்புக்குப் போகும். நிதி பற்றிய பேச்சில் இந்த இரண்டையும் எதிரெதிராக நிறுத்துவது எனக்கு ஒப்பவில்லை.

மீன்பிடித் தொழிலில் இதே கோளாறு வேறு உருவத்தில் இருக்கிறது. 2017இல் மிகப் பெரிய திட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டது. பாக் நீரிணையில் இழுவைமடி வலை போடும் விசைப்படகுகளை ஆழ்கடல் சூரை (டூனா) மீன்பிடிப்புக்கு மாற்றுவது. மூன்றாண்டில் 2,000 படகுகள், 1,600 கோடி ரூபாய். நோக்கம் மிகச் சரியானது. வடகடல் என்று நாம் சொல்லும் பாக் நீரிணை ஆழம் குறைந்தது, குறுகியது. இழுவைமடி அடித்தளத்தையே வாரிவிட்டது. எல்லை தாண்டினால் கைது, படகு பறிமுதல். இலங்கை 2017இலேயே தன் சட்டத்தில் இழுவைமடியைத் தடை செய்துவிட்டது. நம் மீனவருக்கு வேறு வழி காட்ட வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடே இருக்க முடியாது.

ஆனால் பணத்தை எப்படிப் பிரித்தார்கள் என்று பார். படகு ஒன்றுக்கு 80 லட்சம். பாதி மத்திய அரசு, இருபது விழுக்காடு மாநில அரசு, இருபது விழுக்காடு வங்கிக் கடன், பத்து விழுக்காடு மீனவர் பங்கு. அதாவது மீனவர் கையிலிருந்து எட்டு லட்சம், கடன் பதினாறு லட்சம், போதாததற்குத் தன் பழைய படகையும் கைவிட வேண்டும். கடலுக்குப் போய் ஒரு நாளில் கரை திரும்பும் தொழிலில் வளர்ந்தவர், வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கி, ஆயிரக்கணக்கான தூண்டில் முட்களைக் கட்டி, பிடித்த சூரையை உறைநிலையில் வைத்துக் கொண்டுவர வேண்டும். அந்தத் தொழில் தெரிந்தவர்கள் கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பகுதியில் இருக்கிறார்கள். தலைமுறையாகக் கற்றது அது. ராமேஸ்வரத்து மீனவருக்கு அதைச் சொல்லிக்கொடுக்க, முதல் இரண்டு மூன்று பருவத்து இழப்பைத் தாங்க, உறைகிடங்குக்கு, சூரைக்கு நல்ல விலை தரும் வியாபாரியைக் கரைக்குக் கொண்டுவர, இவற்றுக்கெல்லாம் ஒதுக்கியது மிகச் சொற்பம். பணம் படகின் உடலுக்குப் போனது. முடிவு, 2,000 என்று சொன்ன இடத்தில் இறங்கியது மிகச் சில படகுகளே. மீனவர்கள் பிடிவாதக்காரர்கள் என்று இதற்குக் காரணம் சொல்வதை நான் ஏற்கவில்லை. பதினாறு லட்சம் கடனை யோசிக்காமல் வாங்குகிறவன்தான் பிழை செய்கிறான்.

துறைமுகங்களும் அப்படியே. நூறு கோடிக்கு மேல் செலவழித்து மூக்கையூரில் மீன்பிடித் துறைமுகம் கட்டினார்கள். ராமேஸ்வரத்து நெருக்கடியைக் குறைக்கும் என்றார்கள். அலைத்தடுப்புச் சுவரும் படகணையும் மட்டும் துறைமுகம் ஆகாது. ஐஸ் ஆலை, டீசல், நல்ல தண்ணீர், வலை சீர்செய்யும் கூடம், ஏலத்துக்கு வரும் வியாபாரி, தொழிலாளி தங்க இடம், பிள்ளைகள் படிக்கப் பள்ளி எல்லாம் வேண்டும். அவை ராமேஸ்வரத்தில் இருக்கும்போது படகு மட்டும் மூக்கையூருக்குப் போய் நிற்காது. முகத்துவாரத்தில் மணல் சேரச் சேரத் தூர்வார வேண்டும். அதுவும் ஆண்டுச் செலவு. நான் பேசிப்பார்த்த நாட்டுப்படகு மீனவர்கள் பெரிய துறைமுகம் கேட்பதில்லை. சிறிய மீன் இறங்குதளம், எரியும் விளக்கு, ஓடும் ஐஸ் பெட்டி வண்டி, கழுவ நல்ல தண்ணீர் என்றுதான் கேட்கிறார்கள். கோடிக்கணக்கு வேண்டாத கோரிக்கைகள் என்பதாலேயே அவை எந்தக் கோப்பிலும் ஏறுவதில்லை.

பெரிய திட்டங்கள் எல்லாமே வீண் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. பரமக்குடி முதல் ராமநாதபுரம் வரை 46.7 கி.மீ. நான்கு வழிச்சாலைக்கு 1,853 கோடி ரூபாயில் 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அதை நான் மனமார வரவேற்கிறேன். நம் மீன் ஏற்றிய வண்டிகளும் மதுரைக்கு ஓடும் ஆம்புலன்சுகளும் அந்தச் சாலையில்தான் போகின்றன; அங்கே நடக்கும் விபத்துகளை இந்த மாவட்டத்தில் அறியாத குடும்பம் இல்லை. 2022 ஜனவரியில் திறந்த அரசு மருத்துவக் கல்லூரியும் மிகச் சரியான முதலீடு. ஆனால் கட்டடத்தோடு நிற்காமல் சிறப்பு மருத்துவர்களை இங்கேயே தங்கவைக்கும் செலவையும் அரசு ஏற்க வேண்டும்.

ராமேஸ்வரம் முதல் தனுஷ்கோடி வரை பதினேழு கி.மீ. ரயில் பாதையை மறுபடி போடும் திட்டத்துக்கு என் மனம் இடம் தரவில்லை. 2019இல் அடிக்கல் நாட்டினார்கள். பிறகு மாநில அரசு அது வேண்டாம் என்றது. இருபுறமும் கடல் உள்ள மணல் திட்டு அது. 1964க்குப் பிறகு வாழத் தகுதியற்ற இடம் என்று அரசே அறிவித்தது. 2017இல் அரிச்சல்முனை வரை சாலை போட்டாகிவிட்டது. பார்க்க வருகிறவர்களுக்கு அது போதும். விமான நிலையத்தை மாநில அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்திருக்கிறது. வரட்டும், ஆனால் அது என் வரிசையில் கடைசியில் இருக்கும். ஏற்கெனவே வரும் பயணிகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் பயணிகளின் எண்ணிக்கையை மட்டும் கூட்டுவது ராமேஸ்வரம் தீவுக்குச் செய்யும் தீங்கு.

இந்தக் கரை பெரிய கனவுகளில் பணத்தை இழந்த கரை என்பதையும் மறக்கக் கூடாது. சேது சமுத்திரக் கால்வாய் 2,427 கோடி மதிப்பீட்டில் 2005 ஜூலையில் மதுரையில் தொடங்கிவைக்கப்பட்டது. 2007இல் உச்ச நீதிமன்றத்தின் தடை, பிறகு தூர்வாரும் பணி நின்றது. நிற்பதற்குள் பல நூறு கோடி கடலுக்குள் போய்விட்டது. தோண்டிய வழியை நீரோட்டம் மணலால் மூடிக்கொண்டே இருக்கும்; பாதியில் விட்ட கால்வாய்க்கு மதிப்பு எதுவும் மிஞ்சாது. உப்பூரில் 1,600 மெகாவாட் அனல்மின் நிலையப் பணி 2016இல் தொடங்கியது. 2021இல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது; அதே ஆண்டு அந்தத் திட்டத்தை வேறிடத்துக்கு மாற்ற முடிவானது. இரண்டு திட்டங்களிலும் வேண்டும் என்றவர்களும் வேண்டாம் என்றவர்களும் நேர்மையான காரணங்களோடு பேசினார்கள். நான் சொல்வது ஒன்றுதான்: சுற்றுச்சூழலையும் வழக்கையும் நிலத்தையும் முதல் ரூபாய் செலவழிப்பதற்கு முன்பே தீர்த்துக்கொள்ளாத திட்டத்தில் அரைப் பாலத்தின் விலை நிச்சயம் போகும், முழுப் பாலத்தின் பயன் வராது.

பணம் போடாமலே நமக்குக் கிடைத்த சொத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகள், 1986இல் அறிவித்த கடல் தேசியப் பூங்கா. அந்தத் தீவுகளும் பவளப்பாறைகளும் தென்கடலான அந்த வளைகுடா அலையின் வேகத்தைக் கரைக்கு வருமுன்னே உடைக்கின்றன. பல பத்தாண்டுகள் பவளத்தை வெட்டிச் சுண்ணாம்புக்கு விற்றோம். இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. இப்போது கரை அரிக்கிறது என்று கடலுக்குள் கல்லால் நீட்டிக் கட்டும் தூண்டில் வளைவை ஊர் ஊராகக் கேட்கிறோம். ஒரு கிராமத்தில் கல்லைக் கொட்டினால் மணலோட்டம் தடைப்பட்டு அடுத்த கிராமம் அரிக்கும். பிறகு அவர்களுக்கும் ஒன்று கட்ட வேண்டும். பவளத்தையும் கடற்புல்லையும் காப்பதற்குச் செலவிடும் பணம் இந்தக் கற்களைவிட மலிவு.

உள்ளே வந்தால் கண்மாய்கள். நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று பேர் வாங்கிய ராஜசிங்கமங்கலம் கண்மாயிலிருந்து கடலோரத்துச் சிறிய ஊருணி வரை, ஐப்பசி கார்த்திகை மழையைப் பிடித்து ஆண்டு முழுவதும் வைத்துக்கொள்ள முன்னோர் செய்த ஏற்பாடு. இன்று வரத்துக்கால்களில் சீமைக்கருவேலம் அடர்ந்து கிடக்கிறது. கரையோர ஊருணியில் மழைநீர் நின்றால் அடியில் உப்புநீர் ஏறாமல் தடுக்கும். சுற்றியுள்ள கிணறுகளில் நல்ல தண்ணீர் ஊறும். காவிரி வால்முனைக்கு வராத நாளிலும் ஊருக்குக் குடிக்கத் தண்ணீர் இருக்கும். எனக்கு அதிகாரம் இருந்தால், குடிநீருக்கு வரும் முதல் பணத்தை ஊருணிக்கும் வரத்துக்காலுக்கும், இரண்டாவதை மோட்டார், குழாய், மின்கட்டணம், இயக்குபவர் சம்பளத்துக்கும் கொடுப்பேன். அதன் பிறகே புதிய தொட்டி.

இதை நடைமுறையில் எப்படிக் கொண்டுவருவது? பெரிய வழி ஒன்று: எந்தத் திட்டத்துக்கும் அனுமதி கொடுக்கும்போதே அதன் அடுத்த பதினைந்து ஆண்டுப் பராமரிப்புத் தொகையையும் சேர்த்து ஒப்பந்தம் போட்டு, அந்தப் பணத்தை வேறெதற்கும் எடுக்க முடியாத தனி நிதியில் வைப்பது. நெடுஞ்சாலைகளில் கட்டியவரே சில ஆண்டுகள் பராமரிக்கும் முறை ஏற்கெனவே உண்டு. அதைக் குடிநீருக்கும் மீன் இறங்குதளத்துக்கும் நீட்டலாம். இது சென்னையிலும் டெல்லியிலும் முடிவாக வேண்டியது.

உன் ஊரில் நீயே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பதினைந்தாவது நிதிக்குழு 2021-26க்கு ஊராட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் அறுபது விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே கட்டப்பட்டது. அதைப் பராமரிப்புக்கும் செலவிட இடம் இருந்தது. பலருக்கு இது தெரியாமல் புதுக் கட்டுமானத்திலேயே போட்டார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி இருந்தால்தான் அந்த மானியம் வரும் என்றும் நிபந்தனை உண்டு. நம் மாவட்டத்தில் 2019இல் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். ஆகவே ஊராட்சித் தேர்தல் தள்ளிப்போவது உன் குடத்தோடு நேரடியாகத் தொடர்புள்ள செய்தி.

தமிழகத்தில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் உண்டு. அதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளுக்கான கூட்டம். நண்பர்கள் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு போ. புதிய தொட்டி கேட்காதே. சென்ற ஆண்டு மோட்டார் பழுதுக்கு எவ்வளவு செலவானது, மின்கட்டணப் பாக்கி எவ்வளவு, எத்தனை நாள் தண்ணீர் ஏறியது, நிதிக்குழு மானியம் எவ்வளவு வந்து எதில் போனது, இந்த நான்கையும் கேள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல். எழுதிய பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள். அடுத்த மார்ச்சில் அதே நான்கு கேள்வியை மறுபடி கேட்கும்போது தேவைப்படும்.